ஏசுதாசன் வாத்தியாரின் முதுகு

1927ஆம் வருஷம் சாரல் ஓய்ந்த மறு வாரம் ஏசுதாசன் தென்காசியில் இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பித்தான். அவனிடம் ஒரு வார்த்தை படித்தவனுக்கு முதுகு கொஞ்சம் கூனியது. அதே அளவுக்கு ஏசுதாசன் நிமிர்ந்தான். சொல்லிக்கொடுத்த வார்த்தை அத்தோடு ஏசுதாசன் வாயை விட்டுப் போயே போய்விடும்.

அதற்கு முன் அவன் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. குற்றாலத்துக்குச் சாரல் அனுபவிக்க வரும் ஒரு துரையின் பங்களாவில் சிறு வயதிலிருந்தே தேநீர்த் தட்டு ஏந்தியவன். குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. படுக்கையிலும் சுருண்டே கிடப்பான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சுகிர்தம் பார்த்ததெல்லாம் அவன் உச்சந்தலையைத்தான். பீங்கான் கோப்பை ஒன்று உடைந்ததற்காகத் துரை விரட்டிவிட்டபோது, பங்களாவில் காதில் விழுந்த இங்கிலீஷ் மட்டும் மிச்சமிருந்தது. அதையே பாடம் என்றான். இங்கிலீஷ் தெரியாதவர்கள்தான் அவனைப் பரீட்சித்தார்கள் என்பதால் சுலபமாகத் தேறிவிட்டான்.

முதலில் வந்தவன் குத்துக்கல்வலசைப் பண்ணையார் உச்சிமாகாளியின் மகன் இசக்கியப்பன். நாலைந்து வார்த்தைகளிலேயே பையன் தரையைப் பார்த்து நடந்தான். மானமுள்ள தகப்பனாக இருந்தால் வாத்தியாரின் கையை ஒடித்திருப்பான். உச்சிமாகாளி பூரித்துப் போனார்.

"தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்கைப் பாரும்வே, இப்படித்தான இருக்காரு? படிப்பு ஏறுதுன்னா முதுகு இறங்கத்தான் செய்யும்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவ்வளவுதான். ஊரில் வசதியுள்ள முட்டாள்கள் எல்லாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளினார்கள். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்துச் சம்பந்தம் பேசினார்கள். கூன் விழாதவனை மக்கு என்றார்கள். தையல்காரர் பரீது சட்டையின் பின்பக்கத்தை நீளமாகவும் முன்பக்கத்தைக் குட்டையாகவும் வெட்டப் பழகிக்கொண்டார். அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்க முடியவில்லையே என்று ஒருவரும் வருத்தப்படவில்லை. அந்தக் காலத்தில் அது இடிந்து மொட்டையாகத்தான் நின்றது. இந்த ஜனங்களைப் பற்றி எழுதுவதற்கே எனக்குக் கூசுகிறது, ஆனாலும் நடந்தது இதுதான்.

ஏசுதாசன் ஆளுக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று சிக்கனமாகக் கொடுத்து வந்தான். அவர்களுக்கு அதுவே அதிகம். 1934இல் அவனிடம் மிஞ்சியது 'எஸ் சார்' ஒன்றுதான். அதுவும் போனால் டியூஷன் போகும். துரை மனமிரங்கிக் கூப்பிட்டாலும் போய் நிற்க முடியாது. பயந்துகொண்டு அதைத் தராமல் வைத்திருந்தான். சுகிர்தத்துக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது.

"நெத்தி வரைக்கும் பாத்தாச்சு. உங்க கண்ணு எப்படி இருக்கும்னு தெரியாமலே நான் செத்துப்போயிருவேன் போல. அந்த ஒண்ணையும் எவனுக்காவது குடுத்துத் தொலைங்க."

"பொழப்புக்கு என்ன செய்யட்டும்?"

"கடையத்துல எங்க அண்ணன் செங்கச் சூளை போட்டிருக்கான். நிமிந்த மனுசனுக்கு அங்கன வேலை இருக்கு."

அந்தச் சாரலில் கலெக்டர் குற்றாலத்தில் வந்து தங்கினார். உச்சிமாகாளிக்கு ராவ்பகதூர் பட்டத்தின் மேல் ரொம்ப நாளாக ஆசை. ஏசுதாசன் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏலே ஏசுதாசா, கலெக்டர் துரையப் பாக்கப் போறேன். உன்கிட்ட இருக்கதுலயே நல்ல வார்த்தையா ஒண்ணு குடு" என்றார்.

ஏசுதாசன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். சுகிர்தம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உச்சிமாகாளியின் காதில் அதைச் சொன்னான்.

பண்ணையார் இரண்டாக மடிந்தார், நெற்றி முழங்காலைத் தொட்டது. ஏசுதாசனின் தலை உத்திரத்தில் இடித்தது. சுகிர்தம் கிட்ட வந்து அண்ணாந்து பார்த்தாள். "பூனைக் கண்ணு! இத்தனை வருசமா ஒளிச்சு வச்சிருந்திருக்கீகளே" என்றாள். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மறுநாளே இருவரும் கடையத்துக்கு வண்டி ஏறினார்கள்.

உச்சிமாகாளியைப் பார்த்த மாத்திரத்தில் கலெக்டருக்குப் பிடித்துப்போயிற்று. பட்டமும் வந்தது. ஆனால் அதன் பிறகு பண்ணையார் கண்ணுக்கு மனிதர்களின் பாதம் மட்டுமே தெரிந்தது. எது துரையின் கால், எது யார் கால் என்று புரியாமல் எல்லாக் காலுக்கும் ஒரே மரியாதை செய்தார். அவர் பண்ணையில் உழுகிற சுடலையாண்டி, இத்தனை காலமும் அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி நின்றவன், ஒரு நாள் வரப்பில் எதிரே வந்தான்.

"எஸ் சார்" என்றார் உச்சிமாகாளி.

சுடலையாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரி சரி, வழிய விடும்" என்றான்.

ராவ்பகதூர் சேற்றில் இறங்கி நின்றார்.