கிக் டிரம்மும் ஒரு முட்டியும்

பாட்டில் மற்றதெல்லாம் கச்சிதமாக வந்துவிட்டது. கிக் டிரம் மட்டும் சோப்ளாங்கியாக இருந்தது. அதை வாசிப்பது காலால். வாசித்தது என் வீட்டுக்காரர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மிதித்த முதல் பாட்டு. மிக்ஸிங் நான். இதைக் கேட்டுவிட்டு, மேடைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று இசைக்குழுவின் தலைவருக்கு அவர் இன்றே பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் போல.

"உள்ளதைச் சொல்லு. கால்ல தெம்பு இருக்கா இல்லையா?"

"சத்தத்தைக் கொஞ்சம் சரி பண்ணிட்டுச் சொல்றேங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஈக்யூவைத் திறந்தேன். ஒரு சத்தத்தின் அடியையும் நடுவையும் உச்சியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற சமாச்சாரம் அது. நெஞ்சில் இடிக்கிற அடிப்பகுதியைக் கூட்டினேன். அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரிக் கேட்கும் நடுப்பகுதியை வெட்டினேன். தோலில் அடி விழும் அந்த 'டக்'கை லேசாகத் தூக்கிவிட்டேன். கும்மென்று நிமிர்ந்து நின்றது.

"ஆங்! இப்ப வந்துச்சு பாரு!" தொடையில் தட்டிக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

சேமிக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஈக்யூ அணைந்தே கிடந்தது. இத்தனை நேரமும் சும்மா திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இப்படி அசடு வழியாதவர்கள் கிடையாது, ஆனால் இன்றைக்குத்தானா? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, இது ஆன்லயே இல்ல. நான் ஒண்ணுமே பண்ணல."

"அப்ப நான் கேட்டது?"

"நீங்க மிதிச்சதுதான்."

"மறுபடி போடு" என்றார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ, விஷயம் தெரிந்தபின், பழைய சோப்ளாங்கியாகவே கேட்டது. எந்தக் காதை நம்புவது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

அதற்குள் தலைவரே போனில் கூப்பிட்டுவிட்டார். "நான் என்ன சொல்றது, நீங்களே கேளுங்கண்ணே" என்று இவர் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி, முதலிலிருந்து போடும்படி எனக்குச் சைகை காட்டினார். நெஞ்சில் இடிக்கிற அடிப்பகுதி போனில் போகாது, 'டக்' ஒன்றுதான் போகும். அதைத் தூக்கிவிடாவிட்டால் அந்தப் பக்கம் கிக்கே கேட்காது. பெருமையில் இவருக்கு அது தோன்றவில்லை. போனைப் பிடித்த கை அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பாட்டைப் போட்டேன். என் விரல், இன்னும் அணைந்தே கிடந்த ஈக்யூவின் பொத்தான் மேல் இருந்தது. கிக் நுழைகிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.