கரும்பலகையில் நான்கு அணுக்கள்

அவள் வரைந்து முடித்துத் திரும்பியபோது வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவில் ஒரு கரு, சுற்றிலும் வட்டப் பாதைகள், பாதைகளில் புள்ளி புள்ளியாய் எலக்ட்ரான்கள். படித்த காலத்தில் பரீட்சைக்குப் பரீட்சை வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய அணு அது.

"டீச்சர், அது பழைய படம்," என்றாள் முன் பெஞ்சில் கண்ணாடி போட்ட பெண். கேலியில்லை, பரிதாபம். அதுதான் இன்னும் சுட்டது.

வேலைக்கான மாதிரி வகுப்பு அது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் இயற்பியல் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள், கணவனின் மாற்றல்கள், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியார் என்று ஓடிய வருஷங்களில் எதைத் தவறவிட்டோம் என்று நினைத்தும் பார்த்ததில்லை. "கிடைக்கலன்னா குடியா முழுகிடப் போகுது? போய்ட்டு வா," என்று காலையில் கணவன் தைரியம் சொன்னான். அவளுக்கென்னவோ முழுகிவிடும் போலத்தான் இருந்தது.

படத்தை அழிக்க டஸ்டரை எடுத்தாள். அழித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தால் மானமாவது மிஞ்சும். ஆனால் கை எழவில்லை. தப்பென்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதைச் சொன்னால் என்ன? டஸ்டரை மேஜையில் வைத்தாள்.

"பழசுதான். ஆனா இதைவிடப் பழசெல்லாம் இருக்கு."

பக்கத்தில் வெறும் உருண்டை ஒன்று வரைந்தாள். "இதை உடைக்கவே முடியாதுன்னு நம்பினாங்க. அப்புறம் ஒருத்தர் உள்ளேயிருந்து எலக்ட்ரானை வெளியே எடுத்துட்டார். சரி, தர்ப்பூசணியில விதை மாதிரி பதிஞ்சிருக்கும்னார்." இன்னொரு உருண்டையில் விதைகளை வைத்தாள். "அவர்கிட்ட படிச்சவரே மெல்லிசான தங்கத் தகட்டைத் துகளால அடிச்சுப் பார்க்க வச்சார். பெரும்பாலும் நேரா போயிடுச்சு. சிலது மட்டும் சுவத்துல பட்ட பந்து மாதிரி திரும்பி வந்துச்சு."

"உள்ளே ஏதோ கெட்டியா இருக்கு!" என்றான் ஒருவன்.

"அதான் கரு. அதைச் சுத்தி எலக்ட்ரான் ஓடுதுன்னாங்க. நான் வரைஞ்சது."

"சுத்தினா சக்தி குறைஞ்சு உள்ளே விழுந்துடாதா?" கண்ணாடிப் பெண் விடவில்லை.

"அதே கேள்விதான் அவங்களுக்கும் தூக்கத்தைக் கெடுத்துச்சு!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்பீஸைப் படுக்கவைத்து நான்காவது அணுவைத் தீற்றி, உள்ளங்கையால் தேய்த்து மேகம் போலக் கலைத்தாள். "பாதையே கிடையாது. இங்கதான் இருக்குன்னு விரல் வச்சுக் காட்ட முடியாது. இங்கே இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே கம்மி. அவ்வளவுதான் சொல்லலாம்."

"இதுவும் தப்பாயிடுமா டீச்சர்?"

"தெரியலையே," என்றாள். அப்படிச் சொன்னதில் கூச்சம் இல்லாதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

மணி அடித்தது. "பாதிப் பாடம்கூட முடியலையேம்மா," என்றார் தலைமையாசிரியை, எழுந்தபடி.

"நாளைக்கும் வந்து அவங்களே முடிக்கட்டுமே," என்றார் வாத்தியார்.

தலைமையாசிரியை கரும்பலகையைப் பார்த்தார். அங்கே பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெண் மேகத்தின் ஓரத்தைத் தன் உள்ளங்கையால் மெல்ல இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.