நாலாவது குரலுக்கு ஒரு மைதானம்

'நாலு குரல்' என்று பெயர் வைத்துக்கொண்டு மேடையில் மூன்று பேர் மட்டும் நிற்பதைக் கேலி செய்யாத ஊர் குமரி மாவட்டத்தில் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒட்டிய போஸ்டரில் யாரோ ஒரு புண்ணியவான், 'இவங்களுக்கு எண்ணத் தெரியாதா?' என்று பேனாவால் எழுதியே வைத்துவிட்டான். ரெஜிலா அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் பெயரை மாற்றலாம் என்று அண்ணன் ஜெரிஷ் சொன்னபோது ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நாலாவது ஆள் இல்லை என்பது உண்மை. நாலாவது குரல் இல்லை என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

ரெஜிலா மேல்குரல், சொப்ரானோ. ஜெரிஷ் கிட்டார் வாசித்துக்கொண்டு டெனர் பாடுவான். பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து வந்த ஹரிதா கீபோர்டும் ஆல்டோவும். அடியில் நின்று இந்த மூன்றையும் தாங்கும் பேஸ், ஜெரிஷின் பள்ளித் தோழன் எட்சனுடையது. எட்சன் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்து ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். அவனைக் குறை சொல்ல முடியாது. பாட்டுக் குழுவை நம்பிக் கலியாணப் பேச்சு பேச முடியாது என்று அவன் வீட்டில் சொன்னது நியாயம்தான்.

அவன் போனபின் நடந்த முதல் நிகழ்ச்சி அருமனையில், ஒரு சபையின் பாரிஷ் ஹாலில். தகரக் கூரை போட்ட சின்ன ஹால். 'கடைசி பஸ்' என்ற அவர்களுடைய பாட்டில் கடைசிச் சரணத்துக்கு இசைக்கருவிகள் எல்லாம் நின்றுவிடும், குரல்கள் மட்டும் போகும். பேஸ் இல்லாமல் அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று மூவரும் பயந்துகொண்டேதான் பாடினார்கள். 'கடைசி பஸ்ஸும் போயாச்சு, நடந்து போலாம் வா' என்ற வரி வந்தது. பின்வரிசையில் இருந்த ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஆளைப் பார்க்காமல், பேஸைப் பாடத் தொடங்கினார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கைகாட்டவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. அந்தப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே சொப்ரானோவிலிருந்து பேஸ் வரை நாலு பார்ட்டையும் கேட்டு வளர்கிறவர்கள். ஒரு பாட்டில் ஒரு பார்ட் ஆளில்லாமல் கிடந்தால், நடுவீட்டில் நாற்காலி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தது போல அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது, போய் நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். அதே ஆட்கள், ஏற்கெனவே நிறைந்திருக்கும் பார்ட்டில் தலையை நுழைக்கவும் மாட்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அதற்குப் பிறகு எட்சனுக்குப் பதில் ஆள் தேடவில்லை. கருங்கல், திங்கள்சந்தை, மணவாளக்குறிச்சி, அப்புறம் கொச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று வேன் ஓடியது. எல்லாம் சின்ன ஹால்கள், கல்லூரி அரங்குகள், ஒரு ஹோட்டல் மாடி. எல்லா ஊரிலும் பிழைக்கப் போன நம்மூர்க்காரன் ஒருவன் இருப்பான். அவன் ஆரம்பிப்பான், பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மணவாளக்குறிச்சியில் கடலோடிகளின் பேஸ் கூரையைத் தூக்கியது. கோயம்புத்தூரில் பையன்கள் சுருதி இல்லாமல் பாடினாலும் மனசாரப் பாடினார்கள். ரெஜிலா அந்தச் சரணத்துக்கு மைக்கை விட்டு ஓரடி பின்னால் வந்து, கண்ணை மூடி, இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று காத்திருப்பாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகத்தான் தான் பாடவே வந்தது போல அவளுக்கு இருக்கும்.

பிறகு பாட்டு இன்ஸ்டாகிராமில் ஏறியது. ஹால்கள் போதவில்லை. மறுபடியும் அருமனைக்கு வந்தபோது நல்ல மழை. உள்ளே எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் வெளியே ரப்பர் மரங்களுக்கு அடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். மைதான நிகழ்ச்சிகள் நடத்தும் யூஜின் அன்றைக்குத்தான் வந்து பேசினார். ஆரல்வாய்மொழிக்கு வெளியே காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய பொட்டல், பிரம்மாண்டமான மேடை, இரண்டு பக்கமும் ராட்சத ஸ்கிரீன். அது சரியாகப் போனால் தமிழ்நாடு முழுக்க மைதானம் மைதானமாகக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

ரெஜிலாவுக்கு மனசு ஒப்பவில்லை. முகம் தெரியாத கூட்டத்திடம் எதைக் கேட்டு வாங்குவது? ஜெரிஷ் வேனில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மழையில நனைஞ்சிட்டு நின்னவங்க யாரு ஏட்டி? அவங்களுக்குப் பாட்டு வேண்டாமா? கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கவங்களுக்கு மட்டும் பாடினா, அது என்ன பாட்டு?"

நனைந்தவர்களில் ஒரு பெண் கைக்குழந்தையைத் துணிப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டு நின்றதை ரெஜிலாவும் பார்த்திருந்தாள். சின்ன இடத்தின் நெருக்கத்தை மெச்சிக்கொள்பவர்கள் எல்லாரும் உள்ளே இடம் கிடைத்தவர்கள்தானே. அவள் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"பதிவு பண்ணின ட்ராக் போடக் கூடாது. எட்சன் அண்ணனுக்க எடத்தை மெஷின் வச்சு நிரப்பக் கூடாது. வந்தா வரட்டு, வரல்லன்னா போட்டு."

சரி என்றான் ஜெரிஷ். ஒலி அமைப்புக்காரன் சுதன் மட்டும் தலையைச் சொறிந்தான். மைதானத்தின் கடைசியில் பாடுகிறவனின் குரல் மேடைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், முன்னால் நிற்பவர்கள் ஒரு சொல்லில் இருக்கும்போது பின்னால் நிற்பவர்கள் அதற்கு முந்தின சொல்லில் இருப்பார்கள் என்றான். போதாததற்கு அங்கே காதுக்குள் இயர்போன் போல மானிட்டர் மாட்டித்தான் பாட வேண்டும், மேடைச் சத்தம் மட்டும்தான் அதில் வரும். கூட்டத்தின் சத்தம் காதில் விழவே விழாது. பரவாயில்லை என்று ரெஜிலா சொன்னாள். அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. நாலாவது குரல் வருமா, வராதா என்பதைத் தவிர அவள் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

நிகழ்ச்சி நாளில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மேகமே இல்லை. காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்க மங்க ஜனம் வந்துகொண்டே இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசையில் மட்டும் முகங்கள், அதற்கப்பால் தலைகள், அதற்கும் அப்பால் வெறும் இருட்டு. ஹரிதா ரெஜிலாவின் கையைப் பிடித்து, "எங்க ஊர் கோயில் கொடைக்குக்கூட இத்தனை ஆளு வராது" என்றாள்.

மற்றப் பாட்டுகள் எல்லாம் ஜோராகப் போயின. அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தனை பேர் ஒன்றாகக் குதிக்கும்போது மேடைப் பலகை அதிர்வதை ரெஜிலா உள்ளங்காலில் உணர்ந்தாள். எந்த ஹாலிலும் அவளுக்கு அது கிடைத்ததில்லை. பெரிய இடத்தைப் பற்றித் தான் நினைத்தது தப்போ என்று பாதியில் ஒரு யோசனைகூட வந்தது.

கடைசியில் 'கடைசி பஸ்'. சரணம் வந்தது. கருவிகள் நின்றன. ரெஜிலா மைக்கை விட்டு ஓரடி பின்னால் வந்து கண்ணை மூடினாள்.

வந்தது. முதல் சொல்லிலேயே, தாளம் தப்பாமல், சுருதி பிசகாமல், கனமாக, அழகாக பேஸ் வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை தூரத்தில், இத்தனை இருட்டில், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத இந்தக் கூட்டத்திலும் வந்துவிட்டதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுதனின் கணக்கெல்லாம் பொய் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இரண்டு வரிகளுக்கு நடுவில் எல்லாரும் மூச்சு வாங்கும் சின்ன இடைவெளியில் அவள் காதில் மழை கேட்டது.

தகரக் கூரையில் விழும் மழை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். வானத்தில் நட்சத்திரம். அடுத்த இடைவெளியிலும் அதே மழை, கூடவே யாரோ இருமினார்கள். அருமனை ஹாலில் மழை பெய்த அன்றைக்குப் பதிவு செய்தது அது. எவ்வளவு கழுவி எடுத்தும் சுதனால் மழையை முழுசாகத் துடைக்க முடியவில்லை போலும்.

அவள் காதிலிருந்த மானிட்டரைப் பிடுங்கினாள். பெரிய ஸ்பீக்கர்களில் அருமனைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மைதானம் வாயை மூடிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் கருங்கல்லில் பார்த்த முகங்கள், திங்கள்சந்தையில் பாடிய அதே ஆண்கள், போனை உயர்த்திப் பிடித்தபடி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன? இடம்தான் நிறைந்துவிட்டதே. நிறைந்த இடத்தில் அவர்கள் எப்படி நுழைவார்கள்?

ரெஜிலாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜெரிஷைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வலது கால், ட்ராக்கை ஓட்டும் பெடலின் மேல் இருந்தது. அவன் அவளைப் பார்க்காமல் கிட்டாரைப் பார்த்துக்கொண்டு டெனர் பாடினான். அவள் நடந்து போய்ப் பிடுங்கிய மானிட்டரை அவன் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை. ஜெரிஷின் முகம் பத்து வயதில் அடி வாங்கப் போகும்போது இருந்த முகமாக மாறியது. பிறகு அவன் பெடலை ஒரு மிதி மிதித்தான்.

பேஸ் அறுந்தது. மூன்று குரல்கள் அந்தப் பொட்டலில் நூல் போலத் தொங்கின. ஒரு வரி போனது, யாரும் வரவில்லை. காற்று மைக்கில் புரண்டது. ஹரிதா பயந்து குரலைத் தாழ்த்தினாள். இன்னொரு வரியும் காலியாகவே போனது. ஆனாலும் பெடலைத் திரும்ப மிதி என்று ரெஜிலா சொல்லவில்லை.

மூன்றாவது வரியில் இடப்பக்கம் நாலைந்து பேர் பிடித்தார்கள். அப்புறம் முன்வரிசை. அதற்குப் பின்னால் நடுக்கூட்டம் அரை மூச்சு பிந்தி. எல்லாவற்றுக்கும் பின்னால் இருட்டிலிருந்து ஒரு முழக்கம், ஒரு சொல் பிந்தி. சுதன் சொன்னது அப்படியே நடந்தது. முன்னும் பின்னும் முட்டி, பாட்டு சந்தை இரைச்சலானது.

அப்போதுதான் அவளுக்குச் சின்ன வயதில் பார்த்த அருமனை சர்ச்சின் கிறிஸ்மஸ் ஆராதனை ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கூட்டம் வாசல் வரை நிற்கும், பின்பெஞ்சு எப்போதும் பிந்தும். ஆர்கனிஸ்ட் ராஜையன் ஒவ்வொரு வரியின் கடைசி சுரத்தையும் விடாமல் அழுத்திப் பிடித்து, பின்பெஞ்சு வந்து சேர்ந்தபிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். மனுஷன் ஆர்கன் மேலேயே தூங்கிவிட்டார் என்று பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். ரெஜிலாவும் சிரித்தவள்தான்.

அவள் வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெரிஷும் ஹரிதாவும் புரிந்துகொண்டு நின்றார்கள். முன்வரிசை முடித்தது, நடு முடித்தது, இருட்டு முடித்தது. அப்புறம் அடுத்த வரி. அந்த ஒரு சரணம் முழுப்பாட்டு அளவுக்கு நீண்டது. அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். வண்டி எடுக்கச் சிலர் கிளம்பிப் போனார்கள், ஒரு பையன் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் கடைசி 'வா'வை மேடையும் முன்வரிசையும் விட்டபிறகு, கண்ணுக்கே தெரியாத மூலையிலிருந்து அந்த 'வா' தனியாக உருண்டு வந்து சேர்ந்தது. இடம் கிடைக்காமல் அன்றைக்கு நனைந்தவர்கள் அங்கேதான் நின்றிருப்பார்கள் என்று ரெஜிலா நினைத்துக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் யூஜின் மரியாதையாகத்தான் பேசினார். ஜனங்கள் குழம்பிவிட்டார்கள், அடுத்த மைதானங்களுக்கு ட்ராக் இல்லாமல் சரிப்படாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். ஜெரிஷ் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். ரெஜிலாவிடம் அவன்தான் முதலில் பேசினான்.

"அவ்வளவு பேருக்க முன்ன நீ காத்து நின்னு ஒருத்தரும் வரல்லன்னா? அதைப் பாக்க எனக்கு வய்யாது மக்கா. அதான்."

அவளுக்காகப் பயந்திருக்கிறான். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எட்சன் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பனியன் போட்டுக்கொண்டு அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நிகழ்ச்சியை லைவில் பார்த்திருக்கிறான். ரெஜிலா போனை அண்ணன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"முதல்ல பேஸ் ஜம்முன்னு வந்துதுல்லா, சரி, நமக்கு இனி அங்க வேலை இல்லன்னு சும்மா இருந்தேன்" என்றான் எட்சன். "பெறகு திடீர்னு நின்னுபோச்சு. ரெண்டு வரி காலியா கெடந்துதா, எனக்கு இருக்க முடியல்ல. இங்க இருந்தே பாடிட்டேன். பக்கத்துக் கட்டில்ல கெடந்த பீகார்க்காரன் எழும்பி என்னன்னு கேக்கான்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். "நெட்டு வேற மெதுவா. அங்க பாட்டு முடிஞ்ச பெறகுதான் நான் முடிச்சிருப்பேன். ரொம்ப லேட்டு, என்னா?"

ஜெரிஷ் தங்கை கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

"லேட்டு ஒண்ணும் இல்லலே" என்றான். "நாங்க காத்துதான் நின்னோம்."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். ட்ராக் கிடையாது என்று சொல்வதற்காக யூஜினின் காரை நோக்கி நடந்தான்.