மேனேஜருக்கு எந்தக் கால்?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை திருட்டுச் சரக்கு.

நாய்க்கு ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஓர் அறிவிப்பு: 'குதிரை நொண்டினால் மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும்?' காலை ஊன்றவே மறுத்தால், உடனே. மூட்டருகே காயம் என்றால், உடனே. குளம்பு சுட்டால், தீனி எடுக்காவிட்டால், உடனே, உடனே. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் அதை விரல் வைத்துப் படித்து முடித்தாள். பிறகு சுவரைப் பார்த்தே சொன்னாள்: "லாடம் அடிச்சது கூடப்பொறந்தவனா இருந்தா என்ன பண்றதுன்னு எழுதலையே."

அதற்குள் என் நாய் பக்கத்து ஆளின் செருப்பில் வாந்தி எடுத்தது. நான் துடைத்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டாள். மீதியெல்லாம் நான் கட்டியது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'விடியலின் பொன்னொளி சூளையின் புகைக்குள் மெல்ல...'

அடித்துவிட்டேன். செங்கல் சூளையில் விடியல் என்றால் கண்ணில் தூசி. பொன்னொளியைப் பார்க்கிறவன் அங்கே கூலிக்குப் போகாதவன்.

அடுத்தது:

'குதிரை என்பது மனிதனின் ஆதித் தோழமை. அதன் விழிகளில்...'

இதையும் விடுங்கள். கதையில் வரும் குதிரை யாருக்கும் தோழன் இல்லை. பெயர் மேனேஜர். எல்லோரும் கல் ஏற்றும்போது சும்மா நின்று பார்க்கும், கிட்டே போனால் முறைக்கும், சாப்பாட்டு நேரம் மட்டும் தவறாது. பெயர் வைத்தது அவளுடைய புருஷன், சூளையில் குதிரை வண்டி ஓட்டுகிறவன்.

ஆகவே சுருக்கமாக: சனிக்கிழமை அவளுடைய அண்ணன் வந்து மேனேஜருக்கு நாலு கால்களுக்கும் புது லாடம் அடித்தான். திங்கட்கிழமை மேனேஜர் நொண்டியது.

3.

புருஷனை முதலில் குடிகாரனாக எழுதினேன். சூளையில் வேலை செய்கிறவன் என்றதும் கை தானாகப் பாட்டிலைத் தேடிப் போகிறது. எழுதுகிறவர்களின் வியாதி இது. நீக்கிவிட்டேன். இவன் டீயைக்கூட ஆறவிட்டுத்தான் குடிப்பான். எதையும் ஆறவிடுகிறவன். அவன் வாயில் அதிகம் வரும் சொல் 'பாப்போம்'.

அவள் அப்படி இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு முடிச்சு. அண்ணனோடு இரண்டு வருடம் பேச்சில்லை. (காரணத்தை மூன்று விதமாக எழுதினேன். எல்லாமே அற்பமாக இருந்தன. நிஜத்திலும் அற்பமாகத்தான் இருக்கும், விட்டுவிடுகிறேன்.) போன மாதம்தான் அவன் வீட்டுக்கு வந்து, கை நனைத்து, "மேனேஜருக்கு லாடம் தேஞ்சு போச்சே, நான் அடிக்கிறேன்" என்றான். சமாதானத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் செய்த முதல் வேலை அது.

டாக்டர் வந்தால் முதலில் லாடத்தைத்தான் கழற்றுவார். ஆணி சதைக்கு நெருக்கமாக இறங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சூளையிலிருக்கும் மற்ற பதின்மூன்று குதிரைகளுக்கும் லாடக்காரன் அதே அண்ணன்தான். பதின்மூன்று வண்டிக்காரர்களும் வேடிக்கை பார்ப்பார்கள். டாக்டரைக் கூப்பிடாவிட்டால் சீழ் குளம்புக்குள் ஏறும்; குதிரை போனால் வண்டி போகும்.

4.

இங்கே ஒரு முட்டாள்தனம் வருகிறது. கதைக்காக நான் பெருக்கிக் காட்டவில்லை.

வண்டிக்காரனுக்குக் குதிரை என்றால் ஒரு பின்புறம், ஒரு பிடரி, இரண்டு காது. உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னங்கால் சரியாகத் தெரியாது. ஆகவே காலின் சேதியைத் தலையில் படிப்பான். மேனேஜர் வலது காலை வைக்கும்போதெல்லாம் தலை கீழே இறங்கியது.

"வலது கால்தான்" என்றான் புருஷன். "பாரு, வைக்கிறப்பல்லாம் வலியில குனியுது."

பதின்மூன்று பேரும் ஆமோதித்தார்கள். ஒருவர் பரிசல் மாதிரி ஆடுது என்றார். வலது காலுக்கு ஈரச்சாக்கு, வலது காலுக்குச் சேற்றுப்பத்து, வலது காலுக்குக் கட்டு. திங்கள், செவ்வாய், புதன். மேனேஜர் அத்தனை மரியாதையையும் முறைத்தபடி ஏற்றுக்கொண்டது.

"டாக்டருக்குப் போன் போடவாங்க?"

"மூணு நாள் போகட்டும், பாப்போம்."

"மூணு நாள் போயிடுச்சு."

"அப்ப இன்னும் ஒரு மூணு."

5.

வியாழக்கிழமை, தலையில் கல் சுமந்து போன அவளுடைய இடது பாதத்தில் ஓட்டுச்சில்லு ஏறியது. இறக்கி வைக்க இடமில்லாமல் அப்படியே நொண்டிக்கொண்டு நடந்தாள். நாலாவது அடியில் கவனித்தாள்: சுமை வலது பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கம்தான். நோகிற காலில் உடம்பு உட்காரவே மாட்டேன் என்கிறது. அவசரமாகத் தாவி நல்ல காலில்தான் போய் விழுகிறது.

தலை குனிகிற கால் நல்ல கால்.

சில்லைக்கூடப் பிடுங்காமல் கொட்டகைக்குப் போனாள். மேனேஜரின் இடது குளம்பில் கை வைத்தாள். சூளையிலிருந்து எடுத்த கல் போலச் சுட்டது. அதற்குமேல் கணுவில் நாடி திடுதிடுவென்று அடித்தது. வலது குளம்பு மூன்று நாள் பத்தில் ஜில்லென்று குளுகுளுத்துக் கிடந்தது.

(இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். பிறகு படித்துப் பார்த்தால் எனக்கே பொறுக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்: "பதினாலு ஆம்பளைங்க. ஒருத்தனுக்குக்கூட நொண்டத் தெரியல.")

6.

போன் போட்டாள். டாக்டருக்கு இல்லை.

"அண்ணே, வந்து எடது லாடத்தக் கழட்டு."

"எடதா? வலதுன்னுதானே மாப்ள சொன்னாரு?"

"அவரு சொன்னாரு."

"நான் அடிச்சு ஒரு குதிரை நொண்டுச்சுன்னு சூளையில ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்."

"சூளையில சொல்ல வேணாம். எங்க கொட்டகையில நிக்குது, வந்து அதுகிட்டயே கேளு."

வந்தான். லாடத்தைக் கழற்றினான். மூன்றாவது ஆணியை உருவியபோது மேனேஜர் காலைப் பிடுங்கிக்கொண்டது. ஆணித்துளையில் கறுப்பாக ஒரு துளி நீர் நின்றது. அண்ணன், அவள், புருஷன், மூவரும் பார்த்தார்கள்.

"சும்மா ஈரம்" என்றான் அண்ணன். "ரெண்டு நாள்ல சரியாயிடும். டாக்டரு கிக்டரு வேணாம்மா. வந்தா ஊரக் கூட்டிருவாரு."

"பாப்போம்" என்றான் புருஷன்.

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

7.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ) டாக்டர் வருகிறார், குளம்பைத் திறந்து சீழை வடிக்கிறார், குதிரை பிழைக்கிறது. அண்ணன் மறுபடி அந்த வாசலை மிதிப்பதில்லை.

ஆ) அண்ணன் திருந்தி

(இதை முடிக்கவில்லை. அரைப் பக்கத்தில் திருந்துகிற ஆளை நான் சந்தித்ததில்லை.)

இ) அவள் பொய் சொல்கிறாள்: 'வேற யாரோ அடிச்சது டாக்டர்.' எல்லோரும் சௌக்கியம், பதின்மூன்று குதிரைகளைத் தவிர.

மூன்றையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே போனில் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எத்தன நாளா நொண்டுது?"

"நாலு நாளு."

"எந்தக் கால்?"

"முன்னாடி எடது."

"லாடம் எப்ப அடிச்சீங்க?"

"சனிக்கிழம."

"யாரு அடிச்சது? மத்த குதிரைங்களையும் நான் பாக்கணும்ல, அதுக்குத்தான் கேக்குறேன்."

அவள் போனை அண்ணன் பக்கம் நீட்டினாள். அவன் கையில் இன்னும் அந்த ஆணி. புருஷன் முதன்முறையாக 'பாப்போம்' என்று சொல்லாமல் நின்றான்.

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

அவன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வான் என்பது கூடப்பிறந்தவர்களோடு வளர்ந்த உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். டாக்டர் "ஹலோ, ஹலோ" என்கிறார். மேனேஜர் இடது காலை ஊன்றாமல் தூக்கிவிட்டது.