பிரிக்காத பெட்டி

எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து இறங்கிய சாமான் என்று ஒன்று கிடையாது. மிக்ஸி, யாரோ வேண்டாம் என்று கொடுத்தது. ஃபிரிட்ஜ், ஏதோ ஒரு குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே கேட்பாரற்றுக் கிடந்தது. வாஷிங் மெஷினுக்கு உடம்பு ஒரு கம்பெனி, மோட்டார் வேறு கம்பெனி, கதவு எந்தக் கம்பெனி என்று அதை மாட்டியவருக்கே தெரியாது. துவைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். வேலை முடிந்தது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்.

மாட்டியவர் என் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருவார். வந்ததும் ஓய்வுக்காக எதையாவது கழற்றுவார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். எங்கள் கல்யாணப் படத்திலேயே அது எட்டிப் பார்க்கிறது. சொந்தக்காரப் பிள்ளைகள் அவரை ஸ்க்ரூ மாமா என்பார்கள். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் ஸ்க்ரூ அத்தை.

குறை சொல்லக் கூடாது, எல்லாம் ஓடும். ஆனால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. கடையிலிருந்து ஒரு புதுச் சாமான் வர வேண்டும். பெட்டியோடு வர வேண்டும். ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருக்க வேண்டும். அதை நான் பிரிக்க வேண்டும். தெர்மாகோல் கிறீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையில் பிடித்து, கிழியாமல், மெதுவாக உரிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கப் புது ஊசியின் உறையைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதெல்லாம் ஒரு பிரிப்பா?

இதை அவரிடம் சொல்லாமல் இல்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"உள்ள அதே மோட்டார்தானே இருக்கு" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஓவன் விஷயத்தில்தான் அந்தப் பதில் பலிக்கவில்லை. எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கேக் செய்கிற வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறாள். அவளுக்காக அவர் ஒரு ஓவன் செய்தார். வாங்கவில்லை, செய்தார். ஏதோ ஓர் ஆபீசில் தூக்கிப்போட்ட இரும்பு அலமாரியின் இழுப்பறை ஒன்று, எங்கிருந்தோ கழற்றிய இரண்டு ஹீட்டர் கம்பி, அவ்வளவுதான் ஓவன். முதல் கேக் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கூழ். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நன்றாக வெந்திருந்தது. அதை மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். இரண்டாவது கேக்கை உள்ளே வைத்ததும் கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மேல் வீட்டு அம்மா இறங்கி வந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

"சரி, வாங்கிடலாம்" என்றார் அவர்.

"புதுசா?"

"புதுசுதான்."

"பெட்டியோட?"

"பெட்டியோடதான், தாயே!"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். கடை வாசலிலேயே அவருடைய சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"உள்ள எதையும் கழட்டக் கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று ரோஷத்தோடு கேட்டார்.

பேன்ட் பையில் இன்னொன்று இருக்கும் என்று, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

கடைக்குள் புது அட்டையும் புது ரப்பரும் கலந்த வாசனை. எனக்கு அந்த வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிட்டது. கெட்டில்கள் ஒரு வரிசை, மிக்ஸிகள் ஒரு வரிசை, அதைத் தாண்டி ரொட்டி வாட்டும் டோஸ்டர்கள். எல்லாம் பளபளவென்று, யார் வீட்டுக் கறையும் படாமல் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு புதுமணத் தம்பதி மிக்ஸி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரிங் தாங்காது" என்றார் இவர், யாரும் கேட்காமலேயே.

அந்தப் பெண் மிக்ஸியை விட்டுக் கையை எடுத்தாள். நான் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓவன் பக்கம் போனேன்.

அங்கே இருந்தது என் ஓவன். சிவப்பு நிறம். கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு குட்டி விளக்கு. பார்த்ததுமே இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது. விற்பனைப் பெண் சின்ன வயசு, சிரித்த முகம். கதவைத் திறந்து காட்டினாள், தட்டை இழுத்துக் காட்டினாள், நேரம் வைக்கிற குமிழைத் திருகிக் காட்டினாள். குமிழ் மெல்லச் சுற்றி வந்து நின்றது. சத்தம் ஒன்றையும் காணோம்.

"இது டெமோ பீஸ் சார். மணி மட்டும் அடிக்காது. வந்ததுல இருந்தே அப்படித்தான். எதனாலன்னு யாருக்கும் தெரியல" என்றாள்.

என் கணவரிடம் சொல்லவே கூடாத வார்த்தைகள் அவை.

"இதே மாதிரி புதுசு இருக்காம்மா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கணும் மேடம். குடோன்ல பார்த்து எடுத்துட்டு வரேன்."

அவள் போனாள். நானும் மகளும் பக்கத்து வரிசைக்குப் போனோம். அங்கேதான் நான் சறுக்கினேன். அந்த வரிசை முழுக்க, தேவையே இல்லாத, ஆனால் பார்த்ததும் வாங்கத் தோன்றுகிற சாமான்கள். பூப்போட்ட ஓவன் கையுறை. முயல் வடிவத்தில் பிஸ்கட் வெட்டுகிற அச்சு. மர மூடி போட்ட கண்ணாடி ஜாடி. எலுமிச்சை வாசனை சோப்பு. மகள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, முயலா நட்சத்திரமா?"

"ரெண்டும் எடு."

"நிஜமாவா?"

"இன்னைக்கு உங்க அம்மா வேற ஆளு. எடு."

அவள் குதித்தாள். நானும் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, குத்துச்சண்டைக்காரி மாதிரி அவளைச் செல்லமாகக் குத்தினேன். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்றோ.

சிரிப்பு ஓய்ந்தபோதுதான் ஓவன் பக்கத்தில் கூட்டம் கூடியிருப்பது தெரிந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். சிவப்பு ஓவனின் முதுகு தனியாக, பக்கம் தனியாக, கதவு தனியாக மேஜைமேல் கிடந்தன. ஸ்க்ரூக்கள் வரிசையாக அவருடைய கைக்குட்டையில் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் அவர், இந்த உலகத்திலேயே இல்லாத முகத்தோடு, உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மணியோட சுத்தியல் வளைஞ்சிருக்கு. அவ்வளவுதான். பாவம், அடிக்கணும்னுதான் பாக்குது. எட்டலை."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். டை கட்டியிருந்தார். அதைத் தளர்த்திக்கொண்டே, "சார்! சார்! யாரைக் கேட்டு இதைத் திறந்தீங்க?" என்றார்.

"மணி அடிக்கலைன்னு சொன்னாங்க."

"அடிக்கலைன்னா? திறந்துடுவீங்களா? எங்க கடை ரூல் சார் இது. டெமோ பீஸை யார் திறந்தாங்களோ அவங்கதான் எடுத்துக்கணும். இதையே பில் போட்டுடுறேன். புதுசெல்லாம் கிடையாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைவரைக்கும் வந்து, புது வாசனையை மூச்சு நிறைய இழுத்து, கடைசியில் மறுபடியும் கழற்றி மாட்டிய சாமான். இதுவும் பத்தோடு பதினொன்றாக வந்து சேரப் போகிறது. கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அவரை அந்த ஓவனுக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

"முதல்ல மூடுங்க" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் சுத்தியலை நிமிர்த்திவிட்டு மூட ஆரம்பித்தார். நான் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூவை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் மாட்டியான பிறகு ஒன்று மிச்சம் நின்றது. அவர் ஓவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேனேஜர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இது மத்ததைவிடக் குட்டை" என்றேன் நான். "கதவுக் கீல்ல பாருங்க. இடது பக்கம்."

இடது பக்கக் கீலில் ஓட்டை காலியாக இருந்தது. அவர் அதை மாட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பெருமை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

குமிழைத் திருகினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். டிங்!

கூட்டம் கைதட்டியது. மிக்ஸியிலிருந்து கையை எடுத்த அந்தப் பெண்தான் முதலில் தட்டினாள். மேனேஜருக்கு முகமெல்லாம் பல். தானே ஒரு தடவை திருகிக் கேட்டார். டிங். இன்னொரு தடவை. டிங். போன கோபம் போன இடம் தெரியவில்லை.

"ரூலை விடுங்க சார். நீங்க வேணும்னா எடுத்துக்குங்க, கட்டாயமில்லை. ஆனா எடுத்துக்கிட்டீங்கன்னா பாதி விலைக்குத் தரேன். இந்த அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும்?"

சரியாக அந்த நேரம் விற்பனைப் பெண் தள்ளுவண்டியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறப் பெட்டி. மேலே அகலமான டேப், ஒரு சுருக்கம் இல்லாமல்.

என் கணவருடைய கை ஓவன்மேல் இருந்தது. தான் பிழைக்க வைத்த மெஷின், அதுவும் பாதி விலைக்கு. இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? நான் வாயைத் திறந்திருந்தால் பெட்டி என்னுடையது. அது எனக்குத் தெரியும். ஊரே அஞ்சுகிற வாய் எனக்கு. ஆனால் கேட்டு வாங்குவதில் எனக்கு அப்போது என்னவோ பிடிக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று, இனி இந்த மனுஷருக்குத் தானாகத் தோன்றினால் தோன்றட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஓவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். பெட்டியையே கொடுங்க."

"ஏன் சார்? உள்ள ரெண்டும் ஒண்ணுதானே? நீங்களே திறந்து பார்த்தீங்களே!"

"ஒண்ணுதான் சார். ஆனா இதை நான் பிரிச்சிட்டேன். இதைக் கொண்டு போனா இவளுக்குப் பிரிக்க என்ன இருக்கு?"

ஊசியைப் பார்த்து அழுகிற ஆம்பிளைகளைத் தினமும் அதட்டுகிறவள் நான். அன்றைக்கு நடுக்கடையில், இன்னும் பில் போடாத பூப்போட்ட கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காதில் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷம் நான் சொன்னது அத்தனையும் அந்தக் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

டாக்ஸியில் பெட்டிக்கு முன் சீட்டு. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் கொண்டுபோய் சமையலறை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, அவர் எட்டிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான் அவசரப்படவில்லை. கத்தரிக்கோலை டேப்பில் ஒரு முனையில் வைத்து மறுமுனைவரை ஓட்டினேன். மூடியைத் திறந்தேன். தெர்மாகோல் கத்தியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உறையை நீக்கினேன். சிவப்பாக, குளிர்ச்சியாக, யாருடைய கைரேகையும் இல்லாமல் வெளியே வந்தது. கடைசியில் கண்ணாடிமேல் ஒட்டிய தாள். ஒரு மூலையில் நகத்தை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். ஒரு கிழிசல் இல்லாமல் முழுசாக வந்தது. சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலில் மேல் வீட்டு அம்மா தரையைத் தட்டினார்.

மகள் மாவைக் கலக்க ஓடினாள். நான் ஓவனை மேடையில் வைத்து, வயரை இழுத்து, பிளக்கைச் சுவரில் சொருகப் போனேன். போகவில்லை. திருப்பிப் பார்த்தேன். பிளக்கின் கால்கள் தடி தடியாக இருந்தன. சுவரில் இருந்த ஓட்டைகளோ குச்சி நுழையும் அளவுதான்.

"இது எப்படிங்க போகும்?"

"போகாது" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பெரிய சாக்கெட் போடணும். மெயின்ல இருந்து தனி வயர் இழுக்கணும். கடையிலேயே பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ நிம்மதியா பிரிச்சு முடின்னு இருந்தேன்."

இன்னும் கை தொடைக்கு அடியில்தான் இருந்தது. கண் மட்டும் சுவரைவிட்டு அகலவில்லை. அந்தச் சுவருக்குள் ஓடுகிற வயர் ஒவ்வொன்றும் அவருக்கு வெளியே தெரிகிறது என்று நினைக்கிறேன். நான் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார் போலிருந்தது. என் ஆசை மனுஷன்.

"இங்க பாருங்க" என்றேன். "மெஷின் என்னோடது. சுவர் உங்களோடது."

துள்ளி எழுந்து கருவிப்பெட்டியைத் தேடி ஓடினார்.