பிரபு ரசித்த பிசிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்த காரியத்தைக் கைதவறி நடந்தது என்று புரோகோப் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. தெரிந்தேதான் செய்தான்.

ஐரோப்பாவில், மொராவியாவில் ஒரு பிரபுவின் இசைக்குழுவில் கொம்பு ஊதுகிறவர்கள் இரண்டே பேர். காலையில் காட்டில் பன்றி வேட்டைக்கு ஊத வேண்டும். மதியம் சீருடை மாட்டிக்கொண்டு சிம்பொனிக்கு ஊத வேண்டும். மேல் சுரங்கள் தடேயாஸுக்கு, கீழ்ச் சுரங்கள் புரோகோபுக்கு. பாராட்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு வருடமாகப் புரோகோப் அதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கொம்பின் சுருதியை மாற்ற, அதில் செருகியிருக்கும் குழாய்ச் சுருளைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். தடேயாஸுக்குப் பார்வை மங்கல். சுருளைத் தேடி மாட்டிக் கொடுப்பது புரோகோப்தான். தடேயாஸ் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

இசைத்தலைவருக்கு அந்த வருடம் என்ன பிடித்துக்கொண்டதோ, எழுதியதெல்லாம் இடியும் புயலும்தான். புதுச் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வயலின்கள் வெறிபிடித்து ஓடிவந்து சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் தடேயாஸின் கொம்பு மட்டும் தனியாக எழும்ப வேண்டும். அந்த ஒரு இடத்துக்காகவே பிரபு விருந்தாளிகளை அழைத்திருந்தார். புரோகோபுக்கு வயிறு எரிந்தது. வழக்கமானதைவிடக் கொஞ்சம் நீளமான சுருளை மாட்டிக் கொடுத்தான்.

மௌனம் வந்தது. தடேயாஸ் ஊதினார். சுரம் ஒரு படி கீழே விழுந்து ஓலமிட்டது. அவர் அதிர்ந்து கொம்பை இறக்கியதும், ஊதி ஊதி உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிற சாக்கில் புரோகோப் அதை வாங்கிச் சரியான சுருளை மாட்டிவிட்டான்.

இசை முடிந்ததும் பிரபு எழுந்து நின்றே கைதட்டினார். அந்த அலறலில் தன் ரத்தம் உறைந்துவிட்டதாம். இசைத்தலைவர், அதுவும் தன் கற்பனைதான் என்பதுபோல் குனிந்து வணங்கினார். விருந்தாளிகளில் ஒருவருக்கும் அது பிசகு என்று உறைக்கவில்லை. தடேயாஸோ தன் உதடு போய்விட்டது என்று நம்பினார். கொம்பில் உதடு மயிரிழை தளர்ந்தாலும் பக்கத்துச் சுரத்தில்தான் போய் விழும். நாற்பத்தாறு வயதில் ஊதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது.

அதன்பிறகு தடேயாஸ் கொம்பைத் தொடவில்லை. அவர் மனைவி ரோசினா தினமும் புரோகோபைக் கூப்பிட்டனுப்பினாள். அவனும் போனான், ஆறுதல் சொன்னான். அவள் கொடுத்த பூண்டு சூப்பைக் குற்றவுணர்வோடு குடித்து முடித்தான்.

ஒன்பதாம் நாள் தடேயாஸ் சொன்னார்: "பிரபுகிட்ட சொல்லிட்டேன்டா. காட்டுக் காவலுக்குப் போயிடறேன். முதல் கொம்பு இனி நீதான். உன்னைவிட்டா யாருக்குடா குடுப்பேன்?"

அந்தக் கடைசி வார்த்தையைப் புரோகோபால் தாங்க முடியவில்லை. "அண்ணே, உங்க உதட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. நான்தான் சுருளை மாத்திக் குடுத்தேன். பொறாமைண்ணே."

தடேயாஸ் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் கொம்பை எடுத்து அந்தச் சுரத்தை ஊதினார். சுத்தமாக வந்தது. மறுபடி, மறுபடி. "ரோசினா! வந்துடுச்சுடி!" கண்ணீரோடு சிரித்தார். புரோகோபுக்கும் ஒன்பது நாளில் முதல்முறையாக மூச்சு வந்தது. அவனும் சிரித்தான்.

அதைப் பார்த்ததும் தடேயாஸ் சிரிப்பை நிறுத்தினார். கொம்பை மேசையில் வைத்தார்.

"மாத்திக் குடுத்தது பொறாமை. சரி, புரியுது. எனக்கும் உன் வயசுல இருந்துச்சு." குரல் இறங்கியது. "ஆனா தினமும் இங்க உக்காந்து, சூப் குடிச்சுக்கிட்டு, என் கையைப் புடிச்சு, 'வயசானா எல்லாருக்கும் இப்படித்தாண்ணே'ன்னு சொன்னியே. அதுக்கு என்னடா பேரு?"