குறையில்லாத கண்கள்

லாவோன் நீமிக்கு இரண்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டுவிட்டார்கள். நாற்பத்தொரு வயது வரை, குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர, அது அவள் மூக்கை விட்டு இறங்கியதில்லை. அதில் அவளுக்குப் பெரிய குறையும் இருந்ததில்லை. வடக்கு மினசோட்டாவில், இரும்புச் சுரங்கத்தை நம்பி வாழும் ஒரு சின்ன ஊரில் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். நவம்பர் பிறந்துவிட்டால் அங்கே பிள்ளைகளை ஏற்றுகிற நேரம் இன்னும் இருட்டுதான். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெளிக்குளிரும் உள்சூடும் மோதி, கண்ணாடியில் ஆவி படியும். கையுறையால் துடைப்பாள், மறுபடி படியும். பின்சீட்டுப் பிள்ளைகள், "மிஸஸ் நீமி, வைப்பர் போடுங்க!" என்று கத்துவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு ஜனவரிக் காலையில் நின்றுபோனது. பஸ்ஸின் பக்கத்தில் நீளும் ‘நில்’ பலகை உறைந்து மாட்டிக்கொண்டதால், இறங்கிப்போய்த் தட்டிவிட்டு ஏறினாள். கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. கடைசிச் சிறுமி சாலையைக் கடந்திருப்பாள் என்று நினைத்து பிரேக்கில் இருந்து காலை எடுக்கப்போனவள், என்னவோ தோன்றி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பம்பருக்கு நேர் முன்னே அந்தச் சிறுமி குனிந்து, விழுந்த கையுறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அன்று முழுக்க, ஒவ்வொரு நிறுத்தத்திலும் லாவோன் இறங்கிய பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணினாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய தங்கை கோரீன் டுலூத் நகரத்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை அவளுக்கு. சனிக்கிழமை என்றால் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் இருக்கும் சவுனா என்ற நீராவிக் குளியல் அறையில் விறகு மூட்டி, அக்காளும் தங்கையுமாக வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசுவது வழக்கம். பழுக்கக் காய்ந்த கல்லில் கோரீன் தண்ணீரை ஊற்றினாள். ஆவி எழும்பியது. கண்ணாடி இல்லாத லாவோன், சுவரைத் தடவிப் பலகையில் ஏறினாள்.

"நான் யாருன்னு தெரியுதா, இல்ல கரடின்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?" என்றாள் கோரீன்.

"கரடி இவ்ளோ பேசாது."

"கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் பண்ணிக்கோடி. நான் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. பல்லு புடுங்கற வலிகூட இல்ல. காலைல கண்ணத் தொறந்தா கூரையில போற எறும்பு தெரியுது."

"எனக்கு எறும்பெல்லாம் வேணாம். பஸ்ஸு முன்னால நிக்கிற புள்ள தெரிஞ்சா போதும்," என்றாள் லாவோன். அப்போதுதான் அந்தக் காலையைப் பற்றித் தங்கையிடம் சொன்னாள். கோரீன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப இனிமே யோசிக்கவே கூடாது," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு தொடர்ந்தது. லாவோனின் கணவன் டுவேன் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டுகிறவன். உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே, "எனக்கு அந்தக் கண்ணாடிதான் பாதுகாப்பு. கண்ணு தெளிஞ்சு என் மூஞ்சியப் பாத்தேன்னு வையி, அன்னைக்கே பொட்டியக் கட்டிடுவ," என்றான்.

"அது கண்ணாடியிலயே தெரியுது டுவேன். பழகிட்டேன்," என்றாள் லாவோன். மூவரும் சிரித்தார்கள். முடிவு அந்தச் சிரிப்பிலேயே ஆகிவிட்டது.

வசந்த காலத்தில் அக்காளும் தங்கையும் மினியாபொலிஸில், கோரீன் லேசர் செய்துகொண்ட அதே சிகிச்சை மையத்துக்குப் போனார்கள். பரிசோதனையின்போது, கண்ணில் ஈரம் கொஞ்சம் கம்மி என்று சொன்னார்கள். "நெறைய பேருக்கு அப்படித்தான். கொஞ்ச மாசம் சொட்டு மருந்து விட்டா சரியாப் போயிடும்," என்றார் இளம் டாக்டர். விடிவதற்கு முன்பே பஸ் ஓட்ட வேண்டியவள் என்று லாவோன் சொன்னாள். "மொதல்ல விளக்கச் சுத்தி வளையம் மாதிரி தெரியும். அப்புறம் மறைஞ்சிடும்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த பெரும்பாலான கண்களில் அப்படித்தான் நடந்திருந்தது.

அறுவை நாளன்று, வண்டியை நிறுத்தி இறங்கியதும் லாவோன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கோரீன், திரும்பிப் போயிடலாம்."

"என்னாச்சு?"

"ஒன்னும் ஆகல. இருக்கறதே போதும்னு தோணுது."

"அம்பது குட்டிச்சாத்தானுங்கள தினமும் மேய்க்கிறவ, பத்து நிமிஷத்துக்குப் பயப்படுறியா? வாடி பயந்தாங்கொள்ளி." கோரீன் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மரத்துப்போன கண்ணை ஒரு வளையம் கவ்வி அழுத்தியது. கொஞ்ச நேரம் எல்லாம் கறுத்துப்போனது. பிறகு கலங்கலாக ஒரு பச்சைப் புள்ளி. "அதையே பாத்துட்டிருங்க, அருமையாப் பண்றீங்க," என்று டாக்டரின் குரல் கேட்டது. எந்திரம் டக்டக்கென்று அடித்தது. முடி கருகும் வாடை வந்தது. அது தன் கண்ணின் வாடை என்று புரிவதற்குள் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டார்கள்.

எழுந்து உட்கார்ந்தபோது எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முட்கள் தெரிந்தன. புகை மூட்டத்துக்குள் தெரிவதுபோலத்தான், ஆனாலும் தெரிந்தன. லாவோன் குழந்தைபோல அழுதாள். மறுநாள் வீடு திரும்பும் வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பிர்ச் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு மரத்துக்கு இத்தனை கிளை உண்டா என்று கேட்டுக்கேட்டு கோரீனின் காது புளித்துப்போனது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

வெங்காயம் நறுக்கினதுபோல முதலில் ஓர் எரிச்சல். பிறகு யாரோ கண்ணுக்குள் மணலைக் கொட்டித் தேய்ப்பதுபோல. சன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. அடுப்பின் சூடு பட்டால் எரிந்தது. குளிர்பெட்டியைத் திறந்தால் அந்தக் காற்று பட்டும் எரிந்தது. சொட்டு மருந்து விட்டால் ஒரு நிமிடம் ஆறும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சவுனா பக்கம் போகவே முடியவில்லை. மையத்துக்குப் போனாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியை அவளால் வாசிக்க முடிந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "கண்ணு ரொம்ப அழகா ஆறியிருக்கு. இதவிட நல்லா வராது."

"அப்ப ஏன் எரியுது?"

"பொறுமையா இருங்க."

பொறுத்தாள். கோடை முழுக்கப் பொறுத்தாள். இன்னும் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாள். கண்ணில் குறையே இல்லை என்று அவர்களும் சொன்னார்கள். ஒருவர், மனசு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போனாள். பகல் வெளிச்சம் இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். அக்டோபர் கடைசியில் காலை இருட்டு வந்தது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் முள்முள்ளாக வெடித்துச் சாலையையே மூடியது. தபால்பெட்டிக் கம்பம் எது, பையை மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாதி வழியில் ஓரம் கட்டி நிறுத்தினாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"மிஸஸ் நீமி, அழறீங்களா?" என்றாள் முன்சீட்டுச் சிறுமி.

"இல்ல கண்ணு. கண்ணுல தூசி."

டெப்போ மேலாளர் ஆர்வில்லை ஃபோனில் கூப்பிட்டு, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னாள். வந்தவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பிள்ளை பள்ளியில் இறங்கும்வரை சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அதோடு சரி. பிறகு அவள் பஸ்ஸில் ஏறவில்லை.

டுவேன் நல்லவன்தான். சன்னல்களுக்கெல்லாம் கம்பளி அடித்துக் கொடுத்தான். சுரங்கத்திலிருந்து களைத்து வந்து அவனே சமைத்தான். ஆனால் மாதக்கணக்கில் இருட்டு வீட்டில் தடவித் தடவி நடக்கிறவனுக்கு ஒரு நாள் வாய் தவறிவிடும்.

"எல்லா டாக்டரும் நல்லாருக்குன்னுதான சொல்றாங்க லாவோன். நீ கொஞ்சம் வெளிய வந்து, நாலு பேரப் பாத்துப் பேசினா..."

"நான் நடிக்கிறேன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"கால் ஒடிஞ்சிருந்தா நம்பியிருப்ப. கண்ணு அவிஞ்சிருந்தாலும் நம்பியிருப்ப. இது பாக்க அழகா இருக்கே, என்ன பண்றது!"

அவன் கொட்டகைக்குப் போய்விட்டான். ஆரம்பத்தில் தினமும் இரண்டு தடவை ஃபோனில் பேசிக்கொண்டிருந்த கோரீனும் மெல்ல மெல்லப் பேசுவதைக் குறைத்து, கிறிஸ்துமஸுக்குப் பிறகு நிறுத்தியே விட்டாள்.

பிப்ரவரியில், தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் வெஸ்ட்பி என்ற பெண்மணியிடம் நேரம் கிடைத்தது. அவர் விளக்கை உடனே அடிக்கவில்லை. முதலில் உட்காரவைத்து, எது எரிகிறது, எப்போது எரிகிறது என்று கேட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார்.

"இது மரத்துப்போகப் பண்ற மருந்து. விட்டதும் வலி போச்சுன்னா, கோளாறு கண்ணோட மேல்பக்கத்துல இருக்கு. அதுக்கு நம்மகிட்ட வழி நெறைய இருக்கு. போகலன்னா நரம்பே வலிக்கப் பழகிடுச்சுன்னு அர்த்தம். அது கஷ்டம்."

சொட்டு விழுந்தது. லாவோன் கண்ணை மூடிக் காத்திருந்தாள். போய்விடு என்று அந்த வலியிடம் கெஞ்சினாள். மூலையில் நாற்காலியில் இருந்த டுவேன் மூச்சுக்கூட விடவில்லை. டாக்டர் ஒரு பஞ்சு நுனியால் அவள் கருவிழியைத் தொட்டார். தொட்டது தெரியவே இல்லை. கண் கல்லாக மரத்துக் கிடந்தது. எரிச்சல் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றாள் லாவோன்.

டாக்டர் வெஸ்ட்பி அவள் முழங்கை மேல் கைவைத்தார். லேசர் செய்யும்போது அறுபடும் நரம்புகள் சிலருக்குக் கோணலாக வளர்ந்துவிடும் என்றார். அபூர்வம்தான், ஆனால் கற்பனை இல்லை. அவளுடைய ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த நீரைச் சொட்டு மருந்தாக விட்டுப் பார்க்கலாம். நரம்புக்கு மாத்திரை தரலாம். சில வருடங்களில் குறையலாம்.

"கொறையலன்னா?" என்றாள் லாவோன்.

"பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல," என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழி முழுக்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தாள். வீட்டு வாசலில் டுவேன் இன்ஜினை நிறுத்தினான். அவள் இறங்கவில்லை.

"டுவேன், ஒன்னு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"உன் துப்பாக்கியெல்லாம் எடுத்துட்டுப் போயி உன் தம்பி வீட்ல வச்சிரு."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. மான் வேட்டைத் துப்பாக்கிகள், அவன் அப்பா காலத்திலிருந்து அடித்தள அறையில் அலமாரியில் நிற்பவை. பிறகு புரிந்தது.

"எத்தனை நாளா?" என்றான். 

"பனி விழ ஆரம்பிச்சதுல இருந்து. சாகணும்னு இல்ல டுவேன். இது நிக்கணும். அவ்ளோதான். நீ ஷிஃப்டுக்குப் போனப்புறம் நான் அந்தப் படியில கீழ எறங்காம இருக்கறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சு."

டுவேன் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. அன்றே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவளையும் தனியே விடாமல் கூடவே உட்காரவைத்துக்கொண்டான். மறுநாள் வேலைக்குப் போகாமல், டாக்டர் வெஸ்ட்பியை ஃபோனில் கூப்பிட்டு அதையும் சொன்னான். அதற்கும் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு ஆனது. அவன் அவளை மறுபடி ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. அவனுக்கு அவள்மேல் நம்பிக்கை வந்ததே தவிர, வலி அதற்காக இறங்கி வரவில்லை.

ஏப்ரலில் கோரீன் வந்தாள். டுவேன்தான் சொல்லியிருக்க வேண்டும். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டிகளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கம்பளி மறைத்த அறைக்குள் வந்து, இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு. இடப்பக்கம் இருக்கு," என்றாள் லாவோன்.

உட்கார்ந்தவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "நான்தானடி இழுத்துட்டுப் போனேன். நீ வேணாம்னு சொன்ன. திட்டு. அறைஞ்சுக்கோ. ஏதாவது பண்ணு."

"என் கால்லதான் நடந்து வந்தேன்."

"அப்ப கோவம் இல்லையா?"

லாவோன் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "இருக்கு. தினமும் நீ எந்திரிச்சு, ஒன்னும் யோசிக்காம, சும்மா கண்ணத் தொறக்கற இல்ல? அத நெனச்சா எனக்கு உன்னப் புடிக்கல கோரீன். அதே மேசைல படுத்துதான நீயும் எந்திரிச்சு வந்த."

கோரீன் அழுகிற சத்தம் கேட்டது. "வேணாம்னா நான் வரல."

"வராமத்தான இருந்த இத்தனை மாசம். அதுல என்ன சரியாச்சு?"

வெளியே ஏரியில் பனிக்கட்டி உடைந்து முனகிக்கொண்டிருந்தது.

"மருந்து நேரம். ஃபிரிட்ஜுல பால் பக்கத்துல சின்னப் புட்டி இருக்கும். கையக் கழுவிட்டு எடுத்துட்டு வா," என்றாள் லாவோன்.

கோரீன் கொண்டுவந்தாள். அக்காளின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்தாள். இருட்டில் குறி தவறி முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது.

"பாத்துடி. அது என் ரத்தம். வீணாக்காத," என்றாள் லாவோன்.

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கோரீன் புட்டியை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு மறுபடி இமையை விரித்தாள்.